செப்புக் கொப்பரை

ஓனியில் பனி விழுந்த மூன்றாம் நாள்
மாமிஸ்த்வாலா இறந்துபோனாள்.
குத்தாயிசியிலிருந்து லாலி வரவேண்டிய பேருந்து
மலைப்பாதையிலேயே நின்றுவிட்டது.
கழுவும் அறையில் நான், அவள்,
அடுப்பின் மேல் ஒரு கொப்பரை.

அவள் வீட்டிலிருந்துதான் தூக்கிவந்தார்கள்.
விளிம்பில் அந்த நெளிவு.
என் கல்யாணத்தன்று என் மாமன்
குடித்துவிட்டுக் கீழே போட்ட அதே நெளிவு.
நிலநடுக்கம் வந்த வருஷம்,
யார் வீட்டுக்கும் கூரை இல்லாத அந்த இலையுதிர்காலத்தில்
திராட்சைச் சாறு காய்ச்ச என்று வாங்கிப்போனாள்.
கேட்டேன்.
தந்துவிட்டேனே என்றாள்.
முப்பத்தோரு வருஷம்
ஒரே ஜெப ஆலயத்தில், பெண்கள் மாடத்தில்,
ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

நீர் கொதித்து ஆவி எழுந்தது.
எபிரேயத்தில் அதற்கு ஒரு சொல் உண்டு,
சொல்லும்போதே தீர்ந்துவிடும்:
ஹெவெல்.
பழைய ஞானி ஒருவன்
மொத்த வாழ்க்கைக்கும் அதையே பெயராக வைத்தான்.
சின்ன வயதில் அதை ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்தேன்.
ஜனவரியில் வாய் திறந்தால் போதும்.
அறையில் இரண்டு பேர்;
ஒருத்தி வாயிலிருந்துதான் புகை வந்தது.

பச்சைத்தண்ணீர் ஊற்றி விளாவினேன்,
கை பொறுக்கும் சூட்டுக்கு.
செத்தவளுக்கு எதற்கு என்று
இந்த வேலையில் யாரும் கேட்பதில்லை.
தலை முதலில். பிறகு வலப்பக்கம். பிறகு இடப்பக்கம்.
குப்புறக் கவிழ்க்கக் கூடாது.
அடிவயிற்றில் நீளமாக ஒரு தழும்பு.
எப்போது நடந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள்,
எனக்குத் தெரியாது.

சவ ஆடையை அவளே தைத்து வைத்திருந்தாள்.
முடிச்சுப் போடாத நூல்.
பை வைக்காத சட்டை.
கொப்பரையை எங்கே ஒளித்துக்கொண்டு போவாயடி?

எங்கள் வேதநூலும் இப்படித்தான்.
ஓர் ஏட்டில், குழிக்குள் போனவர் வாய் திறப்பதில்லை.
வெகுதூரம் தள்ளி வேறோர் ஏட்டில்
யாரோ மண்ணுக்குள் புரண்டு படுத்து
கண் விழிக்கிறார்கள்.
இரண்டுக்கும் நடுவே ஒரு முடிச்சும் இல்லை.
தைத்தவர்கள் வேண்டுமென்றேதான்
நூல்நுனியைத் தொங்கவிட்டார்கள் போல.

கல்லில் மட்டும் ஐந்தெழுத்து வெட்டுகிறோம்.
உயிர்களின் பொதியில் இவள் உயிரையும்
சேர்த்துக் கட்டிவைக்கட்டும் என்று அதற்கு அர்த்தம்.
கட்டுவதென்றால் முடிச்சு வேண்டும்.
அதை நாங்கள் போடக் கூடாது, அவ்வளவுதான்.

கண்களின் மேல் வைக்க ஜெருசலேம் மண்
ஒரு காப்பி டப்பாவில் இருந்தது.
அஷ்தோதில் இருக்கும் மகன் என்றோ கொடுத்தனுப்பியது.
மண் வந்துவிட்டது,
மகனுக்குத்தான் விமானம் கிடைக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.
கழுவியவள்தான் கேட்க வேண்டும். முறை அது.
கடன்பட்டவள் படுத்திருக்க
கொடுத்தவள் நின்று கேட்க வேண்டும்.
ஸிபோராவின் மகள் மாமிஸ்த்வாலா, என்று ஆரம்பித்தேன்.
இத்தனை வருஷம் இந்தப் பெயரை
நான் வாயில் எடுத்ததே இல்லை.
குனிந்தபோது என் ஆவி
அவள் கன்னத்தில் பட்டு ஈரமாகப் படிந்தது.
ஒரு கணம், அவளுடையது என்று நினைத்தேன்.
துடைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தைவிட்டு வரும்போது
புல் பிடுங்கித் தோளுக்குப் பின்னால் எறிவோம்,
செத்தவர்களும் ஒருநாள் முளைப்பார்கள் என்று.
முழங்கால் அளவு பனி.
ஆண்கள் சும்மா கையை வீசிவிட்டு நடந்தார்கள்.
நான் தோண்டினேன்.
நகத்துக்குள் மண் ஏறியது.
வந்தது மஞ்சள் சருகு ஒரு கொத்து, வேரோடு;
வேரின் நுனியில் மட்டும்
அரிசி முனையளவு வெள்ளை.
எறிந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

லாலி மறுநாள் வந்து சேர்ந்தாள்.
கொப்பரையை எடுத்துக்கொண்டு போங்கள் அத்தை,
உங்களுடையதுதானே என்றாள்.
வேண்டாம் என்றேன்.
அது இன்னும் அவள் கடன்.

எழுந்து வா, மாமிஸ்த்வாலா.
உன் கையாலேயே கொடு.